கை தொடாததை நா சொல்லுமா?

கோவையில் மகிழுந்து வைத்திருப்பார் பலர். அதன் முன்மூடியைத் தாமே திறந்து பார்த்தவர் சிலரே. காலையில் வண்டி கிளம்ப மறுத்தாலும், மேட்டில் ஏறத் திணறினாலும், உடனே பட்டறைக்கு ஆள் போகிறது. அங்கிருந்து வருபவர் எந்திரத்தின் தலையில் மூன்றோ நான்கோ சிறு செருகிகளைக் கழற்றிப் புதியன பூட்டுகிறார். வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்ளத் தக்க வேலை அது என்பது வண்டிக்கு உரியவர்க்குத் தோன்றுவதே இல்லை.

அதற்குத் தமிழ்ப் பெயர் இல்லாமலில்லை. 'பொறிச்செருகி' என்று சொல்லாக்கினோர் பட்டியலில் எழுதி வைத்துள்ளனர். ஆயினும் பட்டறையில் அது 'பிளக்கு'தான். இதற்காகப் பட்டறைத் தொழிலாளியைப் பழித்தல் எளிது, நேர்மையன்று. மரை, புரி, அரம், குறடு, திருப்புளி, வார்ப்படம் என அவர் நாவில் நல்ல தமிழ் இன்றும் வாழ்கிறது. 'பொறிச்செருகி' என்னும் சொல்லை மேடையில் போற்றுவாருள்தான் அதனை ஒருமுறையேனும் கழற்றிப் பார்த்தவரைக் காண்டல் அரிது.

கொங்கு மண்ணுக்கு இஃது இழுக்கு. கலங்கலில் 1893-இல் பிறந்த கோ. துரைசாமி, அஃதாவது ஜி.டி. நாயுடு, ஆங்கிலேய அலுவலர் ஒருவரின் விசையுந்தைக் கண்டு ஆசை கொண்டார். உணவு விடுதியில் வேலை செய்து பொருள் சேர்த்து அவ் வண்டியையே வாங்கினார். வாங்கியதை ஓட்டிக் களித்ததோடு நில்லாது, உறுப்பு உறுப்பாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் ஓட்டத் தொடங்கிய ஒற்றைப் பேருந்து பின்னர்ப் பெரும் போக்குவரத்து நிறுவனமாயிற்று. பள்ளிப் படிப்பு அவர்க்குக் கசந்தது. கழற்றிப் பார்த்தலே அவர்தம் கல்வி.

வேலைதான் என்ன? வண்டியின் திறவுகோலை எடுத்துவிட்டு, எந்திரம் நன்கு ஆறும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். சூட்டில் திருகினால் அலுமினியத் தலையின் மரை கெடும். செருகியைச் சுற்றியுள்ள தூசியை ஊதித் துடைத்த பின்பே கழற்றுக. இல்லையேல் அஃது எரியறைக்குள் விழும். மின்கம்பியை இழுத்தல் ஆகாது. அதன் தொப்பியையே பிடித்து இழுக்க வேண்டும். ஒன்றை முடித்தே அடுத்ததைத் தொட்டால் கம்பிகள் இடம் மாறா. புதியதன் முனையிடைவெளி, கையேடு சொல்லும் அளவினதா என்று பார்த்து, முதலில் வெறுங்கையாலேயே திருகுக. மரை கோணாமல் ஏறுவது விரலுக்குத்தான் தெரியும். அடிவளையம் உள்ள புதுச் செருகியாயின், கையிறுக்கத்திற்குப் பின் சாவியால் ஏறத்தாழ அரைச்சுற்றே போதும். வலிமை காட்டுவார் மரையை இழப்பார்.

கழற்றிய பழையதை எறிந்துவிடற்க. முனை இளம்பழுப்பாயின் எரிதல் நன்று. உலர்ந்த கரி படிந்திருப்பின் எரிநெய் மிகுகிறது, அல்லது காற்றுவடி அடைத்துள்ளது. எண்ணெய்ப் பிசுக்காயின் உள்வளையங்கள் தேய்ந்திருக்கலாம். வெளுத்துக் கொப்புளித்திருப்பின் மிகுசூடு. மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போன்றது இது. பட்டறையார் சொல்லும் செலவு தேவையானதா என்பதை இதனைக் கண்டவர் ஓரளவு அறிவார். காணாதவர் கேட்ட பணத்தைக் கொடுப்பார். (டீசல் வண்டிக்கு இச் செருகியே கிடையாது, அங்கே அழுத்தத்தில் எழும் சூட்டிலேயே எரிநெய் பற்றிக்கொள்ளும். அவ் வண்டிக்கும் 'பிளக்கு' மாற்றியதாகச் சொன்னால் நம்புவோர் உளர்!)

பீளமேட்டிலோ கணபதியிலோ உள்ள தமிழ் மன்றம் ஒன்று, ஆண்டுவிழாப் பந்தலுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கைக் கொண்டு பழைய எந்திரம் ஒன்றை வாங்கி வைக்கட்டும். பட்டறைத் தொழிலாளி ஒருவரை ஆசிரியராய் அமர்த்தி, உரிய மதிப்பூதியம் தந்து, இளையோரைக் கழற்றிப் பூட்டச் செய்யட்டும். எண்ணெய் படிந்த கைகளோடு அவர்கள் 'பொறிச்செருகி' என்பர். நீளமென்று பட்டால் 'செருகி' என்று சுருக்குவர். அதுவும் வாய்க்கு ஒவ்வாதெனின் வேறொன்று சொல்வர். அவர்கள் சொல்வதைப் பட்டியல் எழுதுவோர் திருத்தாமல் எழுதிக்கொள்ளட்டும்.