மூடி வைத்த டிபன் பாக்ஸ்

கண்ணுகளா, நம்ம கோவை மெஸ் மாதிரியே மெக்சிகோவிலும் குடும்பத்தார் சேர்ந்து நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் ஏராளம். 'ஃபோண்டா' என்று பெயர். நமக்குச் சோறு மாதிரி அவர்களுக்கு டொர்டியா. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறப்போட்டு, தோலைக் கழுவி, அரைத்து, மெல்லிசாகத் தட்டிக் கல்லில் சுடும் ரொட்டி. சுண்ணாம்பா என்று முகம் சுளிக்காதீர்கள்! அதனால்தான் மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேர்கிறது. இந்தப் பக்குவம் தெரியாமல் அதையே தின்று வாழ்ந்த ஐரோப்பிய ஏழைகளுக்குப் பெலாக்ரா என்ற நோய் வந்தது. (ஸ்பெயினில் டொர்டியா கேட்டால் உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடைதான் வரும்!)

மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை யுனெஸ்கோ 2010-ல் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. நம் உடுமலை, பல்லடம் பக்கத்து மக்காச்சோளமோ பெரும்பாலும் கோழித் தீவனமாகிறது. அது போகட்டும். பாட்டி ஆக்கிய கம்பஞ்சோறு டிபன் பாக்ஸில் இருந்தால், கூச்சப்பட்டு மூடியே திறக்காத பிள்ளைகளை வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். டாக்கோ என்றால் மட்டும் நாக்கில் எச்சில் ஊறும்! அதுவும் மடித்த டொர்டியாதானே? சாப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு அந்த மூடியைத் திறந்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரு உருண்டை கொடுங்கள்.