ஒருவர் சாவுக்கு மூன்று ஆய்வு, பல்லாயிரவர் சாவுக்கு?

சேரப்பணஞ்சேரியில் எம் வகுப்பு மாணவன் ஒருவன் அண்மையில் வினவினான்: “ஐயா, நேதாசி எப்படி இறந்தார்?” அறிந்ததைச் சொன்னோம். “அவர் படையில் இறந்த தமிழர் யார் யார்?” என்றான் அடுத்து. எம் நா எழவில்லை. அந்த நாணமே இத்தலையங்கம்.

1945 ஆகத்து 18 அன்று தைவானில் வானூர்தி விழுந்து சுபாசு சந்திரபோசு இறந்தார் என்றது சப்பான். அன்று எழுந்த ஐயம் அரசியலார்க்கு இன்றும் கைமுதல். 1956-இல் சாநவாசு குழுவும், 1974-இல் கோசுலா ஆணையமும் அவ்விறப்பை மெய்யென்றன. 2005-இல் முகர்சி ஆணையம் அன்றென்றது. நடுவணரசு அதனை ஏற்கவில்லை. தமிழகத்திலோ, அவர் உயிருடன் இருக்கிறார் என்றே முத்துராமலிங்கத் தேவர் முழங்கினார்.

2015-இல் மேற்கு வங்க அரசு 64 மறைகோப்புகளையும், 2016-இல் நடுவணரசு 100 கோப்புகளையும் வெளியிட்டன. விடுதலை பெற்ற நாட்டின் உளவுத்துறையே 1948 முதல் 1968 வரை அவர் குடும்பத்தாரை வேவு பார்த்த இழிவு அக்காலத்தேதான் ஊரறிய வந்தது. ஒரு கட்சி அவரை மறைத்தது என்று பழித்து, மற்றொரு கட்சி 2022-இல் தில்லியில் சிலை நாட்டியது. 2021-இலேயே அவர் பிறந்தநாளுக்குப் “பராக்கிரம திவசு” என வடசொற் பெயரும் சூட்டியாயிற்று. மறநாள் என்றால் மறம் குன்றிவிடுமோ?

தமிழீர்! அவர் படை யாரால் ஆயது? 1943 சூலையில் அவர் சிங்கப்பூர் வந்தபின், மலையாத் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழர் ஆயிரம் ஆயிரமாய்த் துமுக்கி ஏந்தினர். தோட்டத்துப் பெண்டிர் சான்சிராணிப் படையில் அணிவகுத்தனர். சென்னையிற் பிறந்த இலக்குமி அப்படைக்குத் தலைமை தாங்கினார். கோலாலம்பூர்ச் சானகி துணைநின்றார். இவ்விருவரையன்றி ஏனையோரை எந்தப் பாடநூல் பேசுகிறது?

இன்னும் கசப்பானதோர் உண்மையுண்டு. அதனையும் மறையாது சொல்வோம். போசுக்குத் துணைநின்ற அதே சப்பானியர், சயாமிலிருந்து பருமாவுக்கு 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைக்கத் தோட்டத் தமிழரை வாரிச் சென்றனர். வாந்திபேதியாலும் பசியாலும் அடியாலும் பல்லாயிரவர் மாண்டனர். அவ்வேலைக்குத் தப்பவே படையிற் சேர்ந்தாரும் உளர். அப்பாதையின் இருமுனைகளும் கூடிய நாள் 1943 அக்டோபர் 17; சிங்கப்பூரில் இடைக்கால அரசு அமைந்த நாள் அக்டோபர் 21. இடைவெளி நான்கே நாள்! ஒரு கரையில் விடுதலை முழக்கம். மறுகரையில் தமிழன் பிணக்குவியல். அங்கே மாண்ட வெள்ளைப் போர்க்கைதியர்க்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. நம்மவரோ பெயரின்றிக் காட்டு மண்ணில் மக்கினர்.

போசின் ஈகத்தை இழித்துரைப்பது எம் நோக்கமன்று. அடிமைத்தளை அறுக்க அவர் தேர்ந்த வழி அது. அதன் விலையில் ஒரு பங்கைத் தமிழன் கொடுத்தான் என்பதே எம் வழக்கு. ஒருவர் சாவை ஆய மூன்று முறை மன்றம் கூட்டிய அரசு, பல்லாயிரவர் சாவுக்கு ஒரு பெயர்ப்பட்டியலேனும் தொகுத்ததா?

அரசு தொகுக்கும் என்று காத்திருத்தல் வீண். மலையா சென்று மீளாதவர் உங்கள் குடியில் உண்டா? பழைய மடல், கடவுச்சீட்டு, மங்கிய நிழற்படம், பாட்டி சொன்ன ஒரு பெயர் எதுவாயினும் இன்றே எழுதிவையுங்கள். தில்லிக் கோப்புகள் திறந்துவிட்டன. நம் வீட்டுப் பெட்டிகள் இன்னும் மூடியே கிடக்கின்றன. அவற்றைத் திறமின்!