கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறோமா, கட்டளை போடுகிறோமா?

கல்யாணப் பத்திரிகை வந்தால் நம் வீடுகளில் முதலில் எதைப் பார்ப்பார்கள்?

முகூர்த்த நாள், நேரம், மண்டபம்.

இப்பொழுது இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. எந்த உடையில் வர வேண்டும் என்று சில அழைப்புகளில் போடுகிறார்கள். நலங்குக்கு மஞ்சள். மெகந்திக்குப் பச்சை. வரவேற்புக்கு "பார்மல் உடை".

இது சரியா?

எல்லோரும் ஒரே மாதிரி உடுத்தி நின்றால் போட்டோ அழகாக இருக்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் அப்படி ஆசைப்படுவதில் தவறு இல்லை. ஆனால், அந்த ஆசையைச் சொல்லுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முறை தவறினால், வர வேண்டிய உறவினர் வராமல் போய்விடுவார்.

வராமல் போவது யார்?

கிராமத்தில் ஒரு பெரியப்பா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் இருப்பவை நாலு வெள்ளை வேட்டி, நாலு வெள்ளைச் சட்டை. "கோட்டு, சூட்டு அணிந்து வரவும்" என்ற வரியை அவர் படிக்கிறார்.

அவர் யாரிடமும் போய் விளக்கம் கேட்க மாட்டார். "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிடுவார். மொய்ப் பணத்தை மகனிடம் கொடுத்து அனுப்புவார்.

அவர் ஏன் வரவில்லை என்பது கல்யாண வீட்டாருக்குக் கடைசி வரை தெரியாது.

நிறத்திலும் இதே தொல்லை உண்டு. வரவேற்புக்குக் கறுப்பு உடை என்று பிள்ளைகள் முடிவு செய்கிறார்கள். "நல்ல காரியத்துக்குக் கறுப்பா?" என்று அத்தை தயங்குகிறாள். அவளைக் கேட்காமல் அச்சடித்துவிட்டு, பிறகு அவளிடம் கோபித்துக்கொண்டு என்ன பயன்?

புரியாத சொல் எதற்கு?

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மாலை விருந்து அழைப்புகளில் "பிளாக் டை" என்று போடுவது உண்டு. அப்படிப் போட்டிருந்தால், ஆண்கள் கறுப்புக் கோட்டும் கழுத்தில் கறுப்பு "போ" முடிச்சும் அணிய வேண்டும். இரண்டு சொற்களில் விஷயம் முடிந்துவிடும். அங்கே அது பழகிப்போன வழக்கம்.

நம் ஊரில் "பார்மல்" என்றால் ஒருவர் கோட்டு என்று நினைக்கிறார். இன்னொருவர் ஆபீசுக்குப் போட்டுப்போகும் பேண்ட், சட்டை என்று நினைக்கிறார். மற்றொருவர் பட்டு வேட்டி என்று நினைக்கிறார். மூன்று பேருமே சரிதான். எழுதியவர்தான் புரியும்படி எழுதவில்லை.

"ஆண்கள் பட்டு வேட்டி, பெண்கள் பட்டுச் சேலை" என்று எழுதினால் எல்லோருக்கும் புரியுமே!

பழைய வழக்கம்

உடைக்கு முறை வகுப்பது நமக்குப் புதிது அல்ல. பல குடும்பங்களில், கல்யாண வீட்டார் நெருங்கிய சொந்தங்களுக்குத் துணி எடுத்துக் கொடுப்பார்கள். அத்தைக்குச் சேலை, மாமனுக்கு வேட்டி, சட்டை. அதைக் கட்டிக்கொண்டு அவர்கள் பெருமையோடு சபையில் நிற்பார்கள்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. இன்னதுதான் உடுத்த வேண்டும் என்று சொல்கிறவர், அதை எடுத்துக் கொடுக்கிறார்!

பத்து பேர் ஒரே நிறத்தில் நிற்க வேண்டுமா? பத்து பேருக்கும் எடுத்துக் கொடுங்கள். வசதி இல்லையா? வீட்டில் இருப்பதை உடுத்தி வரச் சொல்லுங்கள். ஒரு மாலை நேரத்துக்காக விருந்தாளியைக் கடன் வாங்க வைப்பது விருந்து ஆகாது.

கட்டாயம் சொல்ல வேண்டியது

சில இடங்களில் உடைக்கு விதி உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால்தான் தவறு.

குருவாயூர் கோவிலுக்குள் போகும் ஆண்கள் வேட்டி கட்ட வேண்டும். சட்டையைக் கழற்ற வேண்டும். திருச்செந்தூர் முருகன் கோவிலிலும் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் தரிசனத்துக்குப் போக வேண்டும். கல்யாணத்தை அப்படிப்பட்ட இடத்தில் வைத்தால், விதியை முன்கூட்டியே சொல்லுங்கள். வாசலில் வந்து விழிக்க விடாதீர்கள்.

கிளப்பில் வரவேற்பு வைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2014-ம் ஆண்டு ஜூலை மாதம், சென்னையில் ஒரு கிளப்பில் புத்தக வெளியீட்டு விழா நடந்தது. வேட்டி கட்டி வந்த ஐகோர்ட்டு நீதிபதியையே உள்ளே விடவில்லை! அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரை இத்தகைய இடங்களில் தடுத்தால் ஓராண்டு வரை ஜெயில், ரூ.25 ஆயிரம் வரை அபராதம்.

வேட்டிக்குச் சட்டமே துணை நிற்கும்போது, கல்யாண வீட்டு வாசலில் அதற்குத் தடை எதற்கு?

எப்படிச் சொல்லலாம்?

பத்திரிகையில் போடுவதைவிட வாயால் சொல்வது நல்லது. வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும்போதே சொல்லுங்கள்.

"மாமா, வரவேற்புக்குப் பட்டு வேட்டி இருந்தால் கட்டிக்கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் எதுவானாலும் சரி. நீங்கள் வருவதுதான் எங்களுக்குச் சந்தோஷம்" என்று சொன்னால் யார் மனம் நோகும்?

ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லுங்கள். முகூர்த்த மாதங்களில் தையற்காரர் கையில் வேலை நிறைந்திருக்கும். கடைசி வாரத்தில் ரவிக்கை தைத்து வாங்குவது எளிதல்ல.

பிறகு, யார் எப்படி வந்தாலும் ஒரே மாதிரி வரவேற்க வேண்டும். மஞ்சள் கேட்ட இடத்தில் நீலச் சேலையோடு ஒருத்தி வந்தால், அவளைப் படத்தில் ஓரமாக நிறுத்தாதீர்கள். பெண்ணின் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்துங்கள்.

இருபது வருடம் கழித்து அந்தப் படத்தை எடுத்துப் பார்ப்பீர்கள். அப்போது உங்கள் கண் சேலையின் நிறத்தைத் தேடாது. பெரியப்பா எங்கே நிற்கிறார் என்றுதான் தேடும். அவர் படத்தில் இருக்க வேண்டும்.