மட்டையோடு எடை போட்ட உப்பு

வ. புதுப்பட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் ஒரே உப்பால் இரண்டு தலைவலி. பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு மோல் கணக்கில் விடை உதைக்கிறது. தென்னந்தோப்பு வைத்திருக்கும் கணவருக்கு உரக்கடையில் குழப்பம். இருவர் கையிலும் இருப்பது மெக்னீசியம் சல்பேட்தான்.

மகளின் கணக்கு: ஏழு நீர் மூலக்கூறு கொண்ட மெக்னீசியம் சல்பேட் 100 கிராமில் எத்தனை மோல்? அவள் போட்ட விடை 0.83. புத்தகத்தில் 0.41. "புத்தகம் தப்பு" என்கிறாளாம்.

கணவரின் கணக்கு: கடையில் 25 கிலோ மூட்டை இரண்டு விதம் இருக்கிறது. ஒன்றில் மெக்னீசியம் 9.6 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறது. இன்னொன்றில் 'மோனோஹைட்ரேட்', 17 சதவீதம். இரண்டாவது மூட்டை விலை முதல் மூட்டையைப் போல ஒன்றரை மடங்கு. "ரெண்டும் வெள்ளைப் பொடிதானே, விலை குறைஞ்சதை வாங்குவோம்" என்பது அவர் கட்சி. "எது சார் லாபம்?" என்று கேட்கிறார் வாசகி.

மகள் கணக்கைத் தீர்த்தால் அப்பா கணக்கும் தீர்ந்துவிடும். அதனால் அதிலிருந்தே தொடங்குவோம்.

தேங்காய் வியாபாரம் தெரிந்த வீட்டுக்கு மோலைப் புரியவைப்பது சுலபம். தேங்காயை எண்ணிக்கையில் விற்கலாம், எடையிலும் விற்கலாம். ஒரு காய் சராசரி எவ்வளவு எடை என்று தெரிந்தால், லாரியை எடை மேடையில் ஏற்றி இறக்கியே எத்தனை காய் என்று சொல்லிவிடலாம். ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. அணுக்களை எண்ணவே முடியாது என்பதால் வேதியியல்காரர்களும் இதே தந்திரத்தைத்தான் செய்கிறார்கள். நாம் நூறு நூறாக எண்ணுவதுபோல அவர்கள் மோல் மோலாக எண்ணுகிறார்கள். நூறு என்பதற்குப் பதில் அவர்களுக்கு ஒரு ராட்சச எண்: 6.022 பெருக்கல் 10-இன் அடுக்கு 23. அவகாட்ரோ எண். ஒரு மோல் எத்தனை கிராம் என்பதைத்தான் வாய்பாட்டு நிறை சொல்கிறது.

அதைக் கண்டுபிடிக்க வெறும் கூட்டல் போதும். மெக்னீசியம் 24.3, கந்தகம் 32.1, ஆக்சிஜன் ஒன்றுக்கு 16 வீதம் நான்குக்கு 64. மொத்தம் 120.4. இது நீர் இல்லாத மெக்னீசியம் சல்பேட். மகள் இங்கேதான் நின்றுவிட்டாள். 100-ஐ 120.4-ஆல் வகுத்தால் 0.83 வரும்.

ஆனால் கேள்வியில் இருந்தது ஏழு நீரோடு சேர்ந்த உப்பு. வாய்பாட்டில் நடுவில் ஒரு புள்ளி வைத்து, 7 போட்டு, பக்கத்தில் நீரை எழுதியிருப்பார்கள். பல பிள்ளைகள் அந்தப் புள்ளியை ஏதோ அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். அந்த நீர் மேலே ஒட்டியிருக்கும் ஈரம் அல்ல. படிகத்தின் உள்ளேயே வரிசையாக உட்கார்ந்திருப்பது. தொட்டால் கை நனையாது, ஆனால் தராசில் எடை காட்டும். நீர் ஒன்றுக்கு 18, ஏழுக்கு 126. அதையும் கூட்டினால் 246.4. இப்போது 100-ஐ வகுத்தால் 0.41. புத்தகம் சரிதான், பாப்பா.

அதாவது இந்த உப்பின் எடையில் பாதிக்கு மேல், 51 சதவீதம், தண்ணீர். மட்டையோடு தேங்காயை எடை போடுகிற மாதிரி. காய் எண்ணிக்கை மாறாது, எடை மட்டும் ஏறும்.

இப்போது அப்பாவின் மூட்டைக்கு வருவோம். ஏழு நீர் உப்பில் மெக்னீசியத்தின் பங்கு 24.3-ஐ 246.4-ஆல் வகுத்தால் 9.86 சதவீதம். மூட்டையில் 9.6 என்று போட்டிருப்பது இதற்குப் பக்கத்தில் இருப்பதால் அது ஏழு நீர் உப்பு, அதாவது எப்சம் உப்பு. அந்தக் காலத்துப் பேதி உப்பும் இதுதான். மோனோஹைட்ரேட் என்றால் ஒரே ஒரு நீர். 120.4-உடன் 18 கூட்டினால் 138.4. இதில் மெக்னீசியம் 17.6 சதவீதம் வரவேண்டும். மூட்டையில் 17. இதுவும் பொருந்துகிறது. இரண்டு மூட்டையும் பொய் சொல்லவில்லை. மட்டையோடு ஒன்று, உரித்தது ஒன்று.

17-ஐ 9.6-ஆல் வகுத்தால் 1.77. ஆகவே இரண்டாவது மூட்டை 1.77 மடங்கு விலை வரை போனாலும் நஷ்டமில்லை. கடைக்காரர் கேட்பது ஒன்றரை மடங்கு. மெக்னீசியம் கணக்கில் பார்த்தால் விலை அதிகமான மூட்டைதான் சுமார் 15 சதவீதம் மலிவு!

ஆனால் ஒரு கண்டிஷன். தென்னைக்கு மரம் ஒன்றுக்கு வருடத்துக்கு அரை கிலோ மெக்னீசியம் சல்பேட் என்று சொல்வது ஏழு நீர் உப்பை மனதில் வைத்து. அரை கிலோ என்பது இரண்டு மோலுக்குக் கொஞ்சம் மேல், அதில் மெக்னீசியம் 49 கிராம். மோனோ வாங்கிவிட்டு, பழக்கத்தில் அதே அரை கிலோவை அள்ளி வைத்தால் மூன்றரை மோலுக்கு மேல் போய்விடும். மிச்சம் பிடித்த காசு மரத்தடியில் கரைந்துவிடும். மோனோ என்றால் 280 கிராம் போதும். நூறு மரத்துக்கு 28 கிலோ. எப்சம் உப்பு என்றால் 50 கிலோ, இரண்டு மூட்டை.

இன்னொன்று: மோனோ தண்ணீரில் மெதுவாகத்தான் கரையும். மண்ணில் போட்டு நீர் பாய்ச்சுவதற்கு அது பரவாயில்லை. இலையில் தெளிக்க வேண்டுமானால் எப்சம் உப்புதான் சௌகரியம்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. தோப்புக்கு மெக்னீசியம் தேவைதானா? குறை இருந்தால் முதலில் அடி மட்டைகள் மஞ்சளாகும். கீற்றின் நுனியும் ஓரமும் வெளுத்து, நடு ஈர்க்கை ஒட்டிய பகுதி பச்சையாகவே இருக்கும். மரம் பழைய இலையிலிருந்து மெக்னீசியத்தை உருவி இளங்குருத்துக்குக் கொடுப்பதால் இப்படி. பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நட்டநடுவில் ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. பச்சையத்தில் அது உண்டு என்று நிறுவிய ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் 1915-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த மூலக்கூறின் வாய்பாட்டு நிறை ஏறக்குறைய 893. அதில் மெக்னீசியம் 24.3 மட்டுமே, மூன்று சதவீதம்கூட இல்லை. அது இல்லாவிட்டால் பச்சை இல்லை. பொட்டாஷை அளவுக்கு மீறிப் போட்டாலும் வேர் மெக்னீசியத்தை எடுப்பது குறையும். அதனால் மண் பரிசோதனை செய்யாமல் எந்த மூட்டையையும் பிரிக்க வேண்டாம் என்பேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பருத்தி இலை சிவந்து போவதற்கும் மெக்னீசியம் குறைவு ஒரு காரணம் என்பது அந்தப் பக்கத்து விவசாயிகளுக்குப் புதிதல்ல.

இந்த 246.4 என்ற எண் உயிர் காக்கும் இடம் ஒன்றும் உண்டு. பிரசவ வார்டு. கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்துவிட்டால், அல்லது வரும் என்று தெரிந்தால், மருத்துவர்கள் போடும் ஊசி இதே மெக்னீசியம் சல்பேட். 33 நாடுகளில் பத்தாயிரம் கர்ப்பிணிகளிடம் நடந்த 'மேக்பை' ஆய்வு 2002-இல் வெளியானது. இந்த மருந்து வலிப்பு வரும் அபாயத்தைப் பாதிக்கும் கீழே இறக்குகிறது என்று அது காட்டியது. விலையோ மிகக் குறைவு.

ஊசி மருந்தின் எடையும் ஏழு நீரோடு சேர்த்துச் சொல்லும் எடைதான். 50 சதவீதக் கரைசலில் 2 மில்லியில் 1 கிராம் உப்பு. அதில் இருப்பது 4 மில்லிமோல் மெக்னீசியம், கிராமில் சொன்னால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. யாராவது 'கிராம்' என்பதை வெறும் மெக்னீசியத்தின் எடை என்று புரிந்துகொண்டால் அளவு பத்து மடங்கு ஏறும். அளவு மீறினால் தசைகள் தளர்ந்து மூச்சே நின்றுவிடலாம். அதனால்தான் நர்ஸ் மணிக்கணக்கில் பக்கத்திலிருந்து முழங்காலைத் தட்டிப் பார்ப்பதும், மூச்சை எண்ணுவதும், சிறுநீர் அளவைக் குறிப்பதும். மாற்று மருந்தாகக் கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். உர மூட்டையில் இருப்பதும் அதே பெயர்தானே என்று யாரும் வாயில் போட்டுவிடாதீர்கள். அதன் சுத்தம் வேறு, இதன் சுத்தம் வேறு.

மகளுக்கு இன்னும் இரண்டு கணக்கு சொல்லி வைக்கிறேன். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தில் இருப்பது மெக்னீசியம் ஹைட்ராக்சைடு. வாய்பாட்டில் அடைப்புக்குறிக்கு வெளியே 2 இருக்கும். அந்த 2 உள்ளே இருக்கும் ஆக்சிஜன், ஹைட்ரஜன் இரண்டுக்கும் சேர்த்து. 17-ஐ இரண்டால் பெருக்கி 24.3-உடன் கூட்டினால் 58.3. ஹைட்ரஜனை மட்டும் இரட்டித்து 42.3 என்று எழுதுபவர்கள் வகுப்புக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

அடுத்தது சேலம். ஓமலூர் பக்கம் ரயிலில் போகும்போது வெள்ளை வெள்ளையாகத் தெரியும் சுண்ணாம்புக் கரட்டில் சுண்ணாம்பைவிடப் பெயர் பெற்றது மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். வாய்பாட்டு நிறை 84.3. சூளையில் சுட்டால் 44 கார்பன் டை ஆக்சைடாகப் பறந்து, 40.3 மெக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். சுத்தமான கல் 100 கிலோ போட்டால் 48 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். இரும்பாலை உலைகளுக்கு உள்பூச்சுச் செங்கல் செய்ய அது போகிறது. உங்கள் பக்கத்துச் சிவகாசியில் மெக்னீசியம் கலந்த பொடி பளீர் வெள்ளையாக எரியும்போது நடப்பதோ வேறு மாதிரி. அங்கே 24.3 கிராம் உலோகம் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிடித்து 40.3 கிராம் சாம்பலாகிறது. எரிந்த பிறகு எடை கூடுகிறது.

கடைசியாக, வாசகியின் பின்குறிப்பு. போன கோடையில் பிரித்து வைத்த எப்சம் உப்பு மூட்டை, எடுக்காமலே எடை குறைந்து, பளபளப்பு போய், மாவு மாதிரி ஆகிவிட்டதாம். கெட்டுவிட்டதா என்கிறார். இல்லை. வறண்ட வெயிலில் ஏழு நீரில் ஒன்று கழன்று போயிருக்கும். ஒரு நீர் முழுக்கப் போனால் 25 கிலோ மூட்டை 23.2 கிலோவாகும். மெக்னீசியம் எங்கும் போகவில்லை. அதை மரத்துக்குப் போடும்போது அரை கிலோவுக்குப் பதில் 465 கிராம் வையுங்கள். மிச்சத்தை வாய் கட்டி நிழலில் வைக்கலாம்.