மாத்திரைக்கு முத்திரை

எடை குறைக்கும் மாத்திரை வருகிறதாம்! ஊசி வேண்டாம், ஓட்டம் வேண்டாம், உண்ணாநோன்பும் வேண்டாம்; காலையிலே ஒன்று, கூட ஒரு மிடறு தண்ணீர், அவ்வளவுதான்; வயிறு வற்றும், வாலிபம் திரும்பும் என்று வாய் மணக்கப் பேசுகிறார்கள். விருதுநகர் தெப்பக்குளத்துக் கடைவீதியிலும், சிவகாசி அச்சகங்களின் வாசலிலும் இதே பேச்சு. "என்ன அண்ணாச்சி, அந்த மாத்திரை நம்ம ஊருக்கு எப்ப வரும்?" என்று மருந்துக்கடைக்காரரைக் கேட்கிறவர் ஒருவரல்ல, இருவரல்ல. "சர்க்கார் முத்திரை விழணும்லா தம்பி!" என்பது அவர் தரும் பதில்.

முத்திரை விழட்டும், அதுவரை பொறுப்போம் என்கிறோம் நாம். ஏன் பொறுக்க வேண்டும்? முத்திரை விழுந்த பிறகும் பொறுத்துக் கிடக்கப் போகிறவர் யார்? இந்த இரண்டையும் பேசத்தான் வேண்டும்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. பருமன் என்றதும் நகைக்கிறார் சிலர். பண்ணையாரையும் ஆலை முதலாளியையும் தொந்தியோடு வரைந்து காட்டிய காலம் ஒன்று இருந்தது. அன்று ஊரிலே தொந்தி அவர்களுக்கு மட்டுமே இருந்தது. விருதுநகர் மண் பசியை அறிந்த மண். தமிழ்நாடு என்று பெயர் வை என்று கேட்டு, 1956-ல் 76 நாள் உண்ணாதிருந்து உயிர்விட்டாரே சங்கரலிங்கனார், அவர் பட்டினி கிடந்த மண்! ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற முழக்கம் 1967-ல் ஆட்சியையே மாற்றிற்று என்றால், அன்றைய வயிறு எப்படி இருந்தது என்று விளக்க வேண்டியதில்லை. இன்றோ, 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் புரட்டுங்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடை. ஆண்களில் 37 பேர். அதே ஏட்டின் அடுத்த வரியிலே, பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை! உடல் பெருத்திருக்கிறது, உள்ளே இரத்தம் இல்லை. இதுவா பணக்காரர் நோய்?

காலை எட்டு மணிக்குக் காலை மடக்கி உட்காருகிறாள் நம் தங்கை. சரம் பின்னுகிறாள், குழாய் உருட்டுகிறாள், தீப்பெட்டி அடைக்கிறாள். எழுந்து நடந்தால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். இடையிலே சர்க்கரை கொட்டிய தேநீர். வீட்டுக்கு வந்தால் மலிவாகக் கிடைப்பது அரிசி. பருப்பும் காயும் பழமும் எட்டாத விலை. அண்ணன் இரவு வேலை முடித்து அச்சகத்திலிருந்து வருகிறார். பத்து மணிக்குத் திறந்திருக்கும் கடையிலே கிடைப்பது எண்ணெயில் மிதந்தெழுந்த பரோட்டா. ருசிக்குப் பேர்போன ஊர்தான், மறுக்கவில்லை! ஆனால் ஆண்டுக்கணக்கில் இப்படி உண்டு, இப்படி உட்கார்ந்தால் உடல் என்ன செய்யும்? நூறு பேருக்குப் பதினான்கு பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்கிறது. ஆகவே மாத்திரைக்காக ஏங்குகிறவரைப் பார்த்துச் சிரிக்காதீர், தோழர்களே!

மாத்திரை என்ன செய்கிறது? நாம் உண்டதும் குடல் ஒரு சுரப்பை அனுப்பி, "போதும்" என்று மூளைக்குச் சொல்கிறது. கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது. இரைப்பை காலியாவதையும் மெதுவாக்குகிறது. அந்தச் சுரப்பைப் போல வேடமிட்டு நடிப்பவை இம்மருந்துகள். இதுவரை பெரும்பாலும் ஊசி. ஏனெனில் விழுங்கினால் வயிறு அதைச் சோறுபோலச் செரித்துவிடும். செமாகுளூட்டைடு என்பதை மாத்திரையாக்கி 2022-லேயே சர்க்கரை நோய்க்கு இந்தியாவில் விற்கத் தொடங்கினார்கள்; வெறும் வயிற்றில், கொஞ்சமே தண்ணீரில் விழுங்கி, அரை மணி காத்திருக்க வேண்டும். எடை குறைப்பதற்கென்றே அதன் பெரிய அளவு மாத்திரைக்கு அமெரிக்கா 2025 டிசம்பரில் முத்திரை தந்தது. இந்தக் கட்டுப்பாடுகள் இல்லாத வேறொன்று ஆர்ஃபோர்கிளிப்ரான்; ஜப்பானில் கண்டெடுத்து, அமெரிக்காவின் எலி லில்லி கம்பெனி வாங்கி வளர்த்தது. 3,127 பேரிடம் 72 வாரம் சோதித்து 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். உயர்ந்த அளவை விடாமல் உண்டவருக்குச் சராசரியாக 12.4 விழுக்காடு எடை இறங்கிற்று. உயர்ந்த அளவு கொடுக்கப்பட்டவரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு போன்ற தொல்லைகளால் பாதியில் நிறுத்தியதும் அதே அறிக்கையில் உண்டு. சோதிக்கப்பட்டவர்களின் சராசரி எடை நூறு கிலோவுக்கு மேல். சர்க்கரை நோய் இல்லாதவர்கள். சர்க்கரை உள்ளவர்களிடம் நடந்த மற்றோர் ஆய்வில் இறக்கம் சற்றுக் குறைவுதான்.

இவ்வளவு நல்ல மருந்தென்றால் உடனே கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே, கோப்பு எதற்கு, குழு எதற்கு, கேள்வி எதற்கு என்பார் உண்டு. அவர்களுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். கதையல்ல, நடந்தது, அதுவும் நம் தொழிலோடு ஒட்டியது.

சிவகாசியிலே "மருந்து" என்றால் வெடிமருந்து! மருந்து கலக்கும் அறை என்றால் மருத்துவமனை அல்ல. ஒரு காலத்தில் பெருவாரியாக விற்ற எடைக்குறைப்பு மாத்திரை ஒன்றும் அந்த மருந்து அறையிலிருந்துதான் புறப்பட்டது. முதல் உலகப்போரில் பிரான்சு நாட்டு வெடிமருந்து ஆலைகளிலே டைநைட்ரோபீனால் என்ற மஞ்சள் தூளைக் கையாண்ட தொழிலாளிகள் வியர்த்துக் கொட்டினார்கள், காய்ச்சலில் கொதித்தார்கள், இளைத்தார்கள், சிலர் இறந்தார்கள். தொழிலாளி செத்தான் என்பதைக் கண்டு கண்ணீர் வடித்தார்களா? அவன் இளைத்தான் என்பதைக் கண்டு கணக்குப் போட்டார்கள்! 1933-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து அறிஞர்கள் அதை எடை குறைக்கும் மருந்தென்று எழுதினார்கள். ஓராண்டிலே சுமார் ஒரு லட்சம் பேர் உண்டதாகக் கணக்கு. மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்றது. உடல் உள்ளுக்குள்ளேயே வெந்து மாண்டவர் உண்டு. கண்ணிலே புரை விழுந்து பார்வை இழந்தவர் உண்டு. தடுக்க அன்று சட்டம் இல்லை. 1937-ல் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சில் கரைத்த ஒரு திரவ மருந்து நூறுக்கு மேற்பட்டவரைக் கொன்ற பிறகே 1938-ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டந்தான் மஞ்சள் தூளையும் கடையிலிருந்து விரட்டிற்று. விரட்டியும் விட்டதா? இணையத்தில் திருட்டுத்தனமாக விற்று, வாங்கியவர் செத்து, பிரிட்டன் 2023 அக்டோபரில் அதை நஞ்சுப் பட்டியலில் சேர்க்க நேர்ந்தது.

பிற்பாடு வந்தவை ஒழுங்கா? ஃபென்ஃபுளூரமின் இதயத்தின் வால்வைக் கெடுத்தது என்று 1997-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து போயிற்று. ரிமோனபண்ட் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தருகிறது என்று 2007-ல் அமெரிக்க வல்லுநர் குழு மறுத்தது; 2008-ல் ஐரோப்பா நிறுத்தியது; டில்லியோ அதை விற்கவிட்டு, 2009 டிசம்பரில்தான் தடை செய்தது. சிபுட்ரமின் 2011-ல் தடைப்பட்டது. நேற்றைய செய்தி ஒன்றும் உண்டு: ஃபைசர் கம்பெனி தன் எடைக்குறைப்பு மாத்திரையான டானுகிளிப்ரானை 2025 ஏப்ரலில் கைவிட்டது, சோதனையில் ஒருவரது கல்லீரலுக்குக் கேடு வந்ததாகத் தெரிந்ததே காரணம். ஒரே ஒருவர்! சோதனை இல்லாமல் சந்தைக்கு வந்திருந்தால் அந்த ஒருவர் எத்தனை ஆயிரம் பேராகியிருப்பார்?

காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையிலே செய்த கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்து, 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றதே! அதில் கலந்திருந்ததும் 1937-ல் அமெரிக்காவில் உயிர் குடித்த அதே டைஎத்திலீன் கிளைக்கால்தான், நூற்றுக்கு 48.6 பங்கு! நம் மண்ணிலே தயாரானது என்பதற்காக மூடி மறைக்க மாட்டோம். தமிழக ஆய்வுக்கூடம் சோதித்து உண்மையைச் சொன்னது, ஆலைக்குப் பூட்டும் விழுந்தது. ஆனால் சோதனை சாவுக்கு முன்னால் நடந்திருக்க வேண்டும். முத்திரை என்பது ஒருநாள் குத்திவிட்டு மறந்துவிடும் ரப்பர் துண்டல்ல.

கட்டுப்பாடு என்றால் என்ன, காத்திருப்பு என்றால் என்ன என்று சிவகாசிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். 2018 அக்டோபர் 23-ல் உச்சநீதிமன்றம் பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டுமே என்றது. பசுமைக்குச் சூத்திரம் எங்கே, அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்டு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அடுப்பு அணைந்தது தொழிலாளி வீட்டில். முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5-ல் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகியது, இருக்கிற விதியைக் காற்றில் விட்டதால். ஓர் ஊருக்கே இரண்டும் தெரியும்: விதி தாமதித்தால் வயிறு காயும், விதி தளர்ந்தால் உடல் கருகும். ஆகவே நாம் கேட்பது, சோதனை முழுமையாக நடக்கட்டும், ஆனால் கோப்பு தூங்கக்கூடாது. டிர்செபடைடு ஊசிக்கு அமெரிக்கா 2022 மே மாதம் முத்திரை தந்தது. இந்தியாவுக்கு வந்தது 2025 மார்ச்சில். வெகோவி அங்கே 2021 ஜூனில்; இங்கே 2025 ஜூனில். நான்காண்டு! இத்தனைக்கும் ஆர்ஃபோர்கிளிப்ரானைச் சோதித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. சோதிக்க நம் உடல் முன்வரிசையில், விற்கும்போது நாம் கடைசி வரிசையிலா?

வரிசை நகர்ந்து முத்திரையும் விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். விலை? 2025-ல் வந்த ஊசி மாதம் 14,000 ரூபாயில் தொடங்கிற்று. மற்றது 17,345-ல் தொடங்கி, போட்டி வந்ததும் நவம்பரில் 10,850-க்கு இறங்கி வந்தது. சரம் பின்னும் தங்கை மாதக் கூலி முழுவதையும் கொட்டினாலும் போதுமா? அதுவும் ஒருமாதக் கதையல்ல. செமாகுளூட்டைடை நிறுத்தியவர்களுக்கு, இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்ப ஏறியதாக 2022-ல் எழுதியிருக்கிறார்கள். வாடகை வீடுதான், வாங்கிய வீடல்ல!

வழி இல்லாமலில்லை. செமாகுளூட்டைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச்சோடு முடிகிறது என்று தெரிந்ததுமே நம் நாட்டுக் கம்பெனிகள் மலிவுப் பதிப்போடு வரிசை கட்டின. புது மாத்திரைக்கோ காப்புரிமை நெடுநாள் நிற்கும். அதற்கும் சட்டத்திலே சாவி உண்டு: மாதம் 2,80,000 ரூபாய்க்கு விற்ற புற்றுநோய் மருந்தை 8,800-க்கு விற்கக் கட்டாய உரிமம் 2012-ல் தரப்பட்டது. பழைய மருந்துக்குப் புதுச்சட்டை போட்டுக் காப்புரிமை நீட்டுவதைத் தடுக்கும் விதியை எதிர்த்து நோவார்டிஸ் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007-ல் தள்ளியது; 2013-ல் உச்சநீதிமன்றமும் அக்கம்பெனிக்குக் கதவடைத்தது. உலக சுகாதார நிறுவனமே 2025 செப்டம்பரில் இந்த வகை மருந்துகளை, சர்க்கரையோடு இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து, பருமனும் சேர்ந்தவர்க்கு இன்றியமையாதவை என்று பட்டியலிட்டது. டில்லியும் தன் பட்டியலில் சேர்த்தால் விலைக்கு உச்சவரம்பு வைக்கலாம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கினால் விலை இன்னும் இறங்கும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலிலே சர்க்கரை மாத்திரை தந்ததே, அந்தப் பாதையில் இதுவும் நடக்க வேண்டும். உண்மையில் தேவைப்படுவோர்க்கு, மருத்துவர் பார்த்து.

மருத்துவர் பார்த்து என்று அழுத்திச் சொல்வதற்கு நம் வட்டாரத்திலே தனிக் காரணம் உண்டு. ஏற்கெனவே சில வகைச் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இதையும் சேர்த்தால் இரத்தத்தில் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரக்கூடும். அச்சகத்திலே மயங்கினால் தாங்கிப் பிடிப்பார்கள். மருந்து அறையிலே, கையில் கலவையோடு மயங்கினால்? தகரக் கூரையின்கீழ், சித்திரை வெயிலில், வாந்தியும் சேர்ந்தால்? அமெரிக்கச் சோதனைத் தாளிலே இதற்கு விடை இருக்காது. அவர்கள் சிவகாசியை நினைத்து எழுதவில்லை. இ.எஸ்.ஐ. மருத்துவர்களும் தொழிற்சாலை ஆய்வாளர்களும் உட்கார்ந்து எழுத வேண்டியது அது. எந்த வேலையில் இருப்பவர் எந்த மாத்திரையோடு இதைச் சேர்க்கக் கூடாது, முதல் வாரங்களில் யாரை மருந்து அறையிலிருந்து வேறு வேலைக்கு, கூலி குறையாமல், மாற்ற வேண்டும் என்று இப்போதே எழுதி வைக்கலாம். தொப்பை கரைக்கும் தூள் என்று பெயரில்லாப் பொட்டலம் விற்கிறவனைப் பிடிப்பதும் மருந்து ஆய்வாளரின் இன்றைய வேலையே. மாத்திரை வரும்வரை அவனுக்குத்தானே கொண்டாட்டம்!

கிளைத் தோழர்கள் இதை மாவட்ட ஆட்சியரிடம் மனுவாகக் கொடுக்கட்டும். எழுதிய விதிகளைத் தமிழிலே, பெரிய எழுத்திலே, துண்டறிக்கையாக ஒவ்வொரு ஆலை வாசலிலும் தரட்டும். அச்சடிக்கச் சிவகாசியிலே அச்சகத்துக்கா பஞ்சம்?