உமி எரிந்த இடம்

கொல்லிமலை என்றதும் நம் நினைவில் வல்வில் ஓரி வந்து நிற்கிறான். அம்பு முனைக்கு இரும்பு எப்படிக் கிடைத்தது என்று நாம் கேட்பதில்லை. கிங், புரூஸ் ஃபூட் ஆகிய இருவரும் 1864இல் எழுதிய நிலவியல் அறிக்கை, சேலம் வட்டாரத்து இரும்புக்கல் படுகைகளுள் கொல்லிமலையையும் சேர்த்து எண்ணுகிறது. இந்த வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டிலும் மூசையிலிட்டு எஃகு உருக்கினார்கள்.

‘ஊட்ஸ்’ எஃகின் பெருமையைப் பேச நாம் சலிப்பதில்லை. அந்த எஃகை ஈன்ற மண்கலத்தைப் பற்றியோ ஒரு வரியும் எழுதுவதில்லை. தூய இரும்பு உருக 1538 பாகை வெப்பம் வேண்டும். தேனிரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியும் பச்சிலையும் வைத்து மூசையை மூடிச் சுட்டால், கரி இரும்பில் ஏறி அந்த அளவைத் தாழ்த்தும். தாழ்ந்த பின்னும் அது சாதாரணப் பானை தாங்கும் சூடன்று. ஆகவே களிமண்ணோடு நெல் உமியை நிறையக் கலந்தார்கள். சூளையில் உமி கருகிய இடமெல்லாம் நுண்துளையாயிற்று. வெப்பத்தால் எழும் கீறல் துளையை எட்டியதும் நின்றுவிடும். உமியிலிருந்த சிலிக்கா எஞ்சிநின்று சுவரைத் தாங்கும். இன்றைய வார்ப்பாலைகளில் உருகிய உலோகத்தை வடிகட்டும் செராமிக் வடிகட்டியும் இவ்வழியில் பிறப்பதே: நுரைப்பஞ்சைக் களிமக்குழம்பில் தோய்த்துச் சுட, பஞ்சு எரிந்து, அதன் துளை வடிவிலேயே களிமவலை மிஞ்சுகிறது.

இது உலோகவியலார் வேலை, தமிழாசிரியர்க்கு இதில் என்ன என்று கேட்கலாம். மூசை, குகை, துருத்தி, உலை ஆகியவை நம் சொற்கள். குகை என்பதற்கு மலைக்குகை என்று மட்டும் பொருள் சொல்லி நகரும் வகுப்பில், உலோகம் உருக்கும் கலம் என்ற பொருள் இறந்துபோகிறது. சித்த மருத்துவ நூல்களைப் படிப்பவர்க்கு அந்தப் பொருள் இன்றியமையாதது.

மேல்சிறுவலூரில் மூசை எஃகுக் களம் இருந்ததைச் சாரதா சீனிவாசன் 1994இல் அறிவித்தார். அவருக்குச் சான்றாக நின்றவை உடைந்த மூசை ஓடுகள். எஃகை எடுக்க மூசையை உடைத்தாக வேண்டும். உடைந்ததை எவரும் போற்றி வைப்பதில்லை. மேட்டைச் சமன்செய்தால் அந்தச் சான்றும் போய்விடும்.

முதுகலை ஆய்வேடுகளுள் ஆண்டுக்கு ஒன்றேனும் கொல்லர், குயவர், பொற்கொல்லர் வழங்கும் தொழிற்சொற்களைத் திரட்டுவதாக அமையட்டும். அச்சொற்களை அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே நாம் அவர்களிடம் போக வேண்டும்.