கியர் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர் எங்கே?

லயத்திலிருந்து நடந்தே பெரட்டுக்குப் போன காலம் மலையேறிவிட்டது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டபின், நம் மக்கள் டவுன் ஓரத்தில் குடியிருந்து, விடியுமுன் காடியில் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளையின் பள்ளிக்கூடம், தாயாரின் ஆஸ்பத்திரி, எல்லாம் அந்தக் காடியை நம்பித்தான். அதுவும் எப்படிப்பட்ட காடி? 1985-இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவின் வழிவந்த ஒன்று; அல்லது 1994-இல் பிறந்து 2009-இல் உற்பத்தி நின்றுபோன கஞ்சில். பெரும்பாலும் கையால் கியர் மாற்றும் காடிகள். இவற்றின் கியர் பெட்டி கெட்டால், திறந்து பழுது பார்க்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

நான் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். சென்ற ஆண்டு என் பழைய சாகாவில் இரண்டாவது கியர் விழும்போதெல்லாம் கறகறவென்று பல் உரசியது. டவுனில் ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பெட்டி போச்சு, வேறு பெட்டி மாட்டிவிடலாம்" என்றார்கள். பழைய காடிகளை அறுத்து விற்கும் கடையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. மூன்றே மாதம், அதே சத்தம். எவ்வளவு ஓடிய பெட்டியோ, எந்த நோயோடு வந்ததோ, யார் கண்டது?

பிறகுதான் விசாரித்து, ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் முதலில் கேட்டது கேள்விகள். எந்தக் கியரில் சத்தம்? காடி சூடேறிய பிறகா, முன்பா? அடுத்து, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தாமே ஓட்டினார். காடியை நிறுத்தி, கிளட்சை மிதித்துச் சில வினாடி பொறுத்து, ரிவர்ஸ் போட்டுப் பார்த்தார். "இங்கேயும் உரசினால் கிளட்ச் சரியாக விடுபடவில்லை என்று அர்த்தம், பெட்டியைக் குறை சொல்லக்கூடாது" என்றார். உரசவில்லை. பிறகு ஓட்டத்தில் கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் நியூட்ரலில் விட்டு, கியர் மாற்றினார். சத்தம் மறைந்தது. "பித்தளை சிங்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது" என்றார். பெட்டியைப் பிரித்தபோது அதுவே உண்மையாயிற்று.

அன்பர்களே, நல்ல கைகாரரை அடையாளம் காணும் வழி இதுதான். பெயர்ப்பலகையின் அளவைப் பார்க்காதீர்கள். பிரிக்குமுன் ஓட்டிப் பார்க்கிறாரா? வடித்த எண்ணெயில் இரும்புத் தூள் இருக்கிறதா என்று பார்க்கிறாரா? பேரிங்கைச் சுத்தியலால் அடிக்காமல், இழுக்கும் கருவியும் அழுத்தும் பிரஸ்ஸும் வைத்திருக்கிறாரா? சாமானுக்கு இவ்வளவு, கைவேலைக்கு இவ்வளவு என்று தனித்தனியே எழுதித் தருகிறாரா? கழற்றிய பழைய சாமானைக் காட்டுகிறாரா? எந்த எண்ணெய் என்று கேட்டால் காடியின் கையேட்டைப் பார்க்கிறாரா? கையேடு ஜி.எல்.-4 என்று சொல்லும்போது ஜி.எல்.-5 ஊற்றினால், அதிலுள்ள கந்தகக் கலவை பித்தளை வளையத்தை அரிக்கக்கூடும். இதை அறிந்தவர் கையில் காடியை நம்பி விடலாம்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். பெட்டியின் கூடே வெடித்திருந்தால், பற்கள் உடைந்து சாமானும் கிடைக்காவிட்டால், வேறு பெட்டி மாட்டுவதே சிக்கனம். அதையும் நல்ல மெக்கானிக்தான் நேர்மையாகச் சொல்வார்.

இனி என் வெட்கத்தைச் சொல்கிறேன். பெரியவர் கைவேலைக்குக் கேட்ட கூலியைக் கேட்டதும், "ஒரு சின்ன வளையத்துக்கா இவ்வளவு?" என்று பேரம் பேசினேன். அவர் கோபப்படவில்லை.

"கிராணி ஐயா, எங்கப்பா மரம் வெட்டினவர். பட்டையை மட்டும் சீவுவார். கட்டையில காயம் படாது. அந்தக் கைக்கு நீங்க செக்ரோல்ல என்ன எழுதினீங்க?"

எனக்கு வாயடைத்துவிட்டது. மரம் வெட்டுவது யாருக்கும் வரும் வேலை என்று துரைமார் சொன்னபோது நாம் கொதித்தோம். ஒரு நூலளவு ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் குறையும், அதுவே எங்கள் தொழில் நுணுக்கம் என்று வாதாடினோம். இன்று இன்னொரு தொழிலாளியின் கைத்திறனை அதே துரையின் கண்ணோடு நாமே பார்க்கலாமா?

2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. அதை வைத்துக் குடும்பம் நடத்துபவர் ஒவ்வொரு காசையும் எண்ணத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மலிவென்று மாட்டிய பெட்டிக்கு நான் இரண்டு முறை செலவழித்தேன். பெரியவரின் கூலியோ ஒரே முறை.

அவருக்குப் பின் அந்தப் பட்டறையில் ஆளில்லை. "பெட்டியை மாற்றினால் அரை நாள், பிரித்தால் இரண்டு நாள்; இரண்டு நாளுக்குக் கூலி கொடுப்பார் இல்லை. எந்தப் பையன் கற்க வருவான்?" என்கிறார். புதுக் காடிகளில் பெரும்பாலானவை ஆட்டோ கியராகிவிட்ட இந்நாளில், இவர் போன்றோர் மறைந்தால் நம் பழைய காடிகள் கதி என்ன?

ஆகவே மூன்று காரியங்கள் செய்வோம். முதலாவது, ஒவ்வொரு வட்டாரத்திலும் நம்பத்தக்க மெக்கானிக்குகளின் பெயர்களைத் தொழிலாளர்களே தொகுத்து வைத்துக்கொள்வோம். இரண்டாவது, மோசம் போனால் வாய்மூடி இருக்க வேண்டாம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்யும் வேலை தக்க கவனத்தோடும் திறமையோடும் இருக்க வேண்டும். 5 வெள்ளி கட்டி, பயனீட்டாளர் நீதிமன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். இரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

மூன்றாவதே முக்கியம். படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் முடங்கியிருக்கும் பையனை, பெண் பிள்ளையையும்தான், தொழிற்பயிற்சிக்கு அனுப்புங்கள். பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே கற்று எஸ்.கே.எம். சான்றிதழ் பெற வழியுண்டு. பல்லாண்டு அனுபவமுள்ள மெக்கானிக்கும் தம் வேலைக்கு ஆதாரம் காட்டி அதே சான்றிதழைப் பெறலாம். கையில் தாள் இருந்தால் கூலி பேசத் தெம்பு வரும்.

நான் பெரியவருக்குக் கேட்ட கூலியைக் கொடுத்தேன். காடி இன்று சத்தமின்றி ஓடுகிறது. அவர் பட்டறையில் இன்னும் ஒரு பையனுக்கு இடம் காலியாகவே இருக்கிறது.